வளையல் சத்தம் குறைந்த வாரம்

“27 வாரம் 3 நாள். செவ்வாய். இலவச வகுப்பு. காலை பத்தே கால் முதல் பதினொன்றரை வரை. பதினான்கு பேர், ஏழு பாய். பாய்க்கு இரண்டு பேர். பக்கத்துப் பாதியில் இருந்தவர் கலகலப்பானவர். காலைத் தொட்டார். முடிவு: நிலுவை.”

என் நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு, புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் உள்ள என் அம்மா வீட்டில் இருந்தபோது எழுதியது. பத்தாம் வகுப்பிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது என்பதுவரை குறித்து வைப்பேன். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கமும் உண்டு. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து என் நாட்காட்டி மாறிவிட்டது. தேதிகளை விட்டுவிட்டு, வாரமும் நாளுமாக எண்ணத் தொடங்கினேன்.

என் கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். புகுந்த வீடு விராலிமலைப் பக்கம். கணவர் ஊரில் இல்லாததால் ஐந்தாம் மாதத்திலிருந்தே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊருக்கு அருகில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும், அதைத் தொடர்ந்து ஒரு வகுப்பும் நடக்கும். கட்டணம் கிடையாது. புதுக்கோட்டை நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் ஞாயிறுதோறும் பிரசவப் பயிற்சி வகுப்பு நடந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. எங்கே போவது என்பதுதான் அந்த நாட்களில் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

இப்போது நினைத்தால் இதற்கா இவ்வளவு அலைபாய்ந்தோம் என்று தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும் ஒரு பதற்றம். தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் இலவசம், மறுபக்கம் கட்டணம் என்று எழுதினேன். தூரம், நேரம், உட்காரும் வசதி, கழிப்பறை, சொல்லித் தருபவரின் படிப்பு, கேள்வி கேட்க எத்தனை நிமிடம் என்று பதினேழு தலைப்புகள். அந்தத் தாளை மூன்று முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

கணவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

“ஓசியில சொல்லித் தர்றத நம்பி ஒக்காந்திருக்காத. நான் இங்க கெடந்து எதுக்குக் கஷ்டப்படுறேன்? டவுன்லயே சேந்துரு.”

அம்மாவிடம் கேட்டால், “நானெல்லாம் எந்தக் கிளாசுக்குப் போயி ஒன்னையப் பெத்தேன்?” என்பார். அதற்கு என் தாளில் தலைப்பு இல்லை.

முடிவெடுக்கும் முன் இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று முதலில் இலவச வகுப்புக்குப் போனேன். வகுப்பை நடத்தியவர் கிராம சுகாதாரச் செவிலியர். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. வேகமான பேச்சு. அவரிடம் ஒரு முறை இருந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை.

பாய்க்கு இரண்டு பேராக உட்கார வைத்தார். முதல் நாள் யாருடன் உட்காருகிறோமோ, பிரசவம் வரை அவர்தான் ஜோடி. வகுப்பு தொடங்கியதும் ஒருவர் காலை நீட்ட வேண்டும். மற்றவர் அவருடைய முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல், கட்டைவிரலால் அழுத்திப் பத்து வரை எண்ண வேண்டும். விரலை எடுத்ததும் குழி விழுகிறதா, விழுந்தால் உடனே மறைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் முகம், கை. பிறகு சிஸ்டர் வரிசையாகக் கேட்டு வருவார். யாரிடமும் “உன் கால் எப்படி இருக்கிறது” என்று கேட்க மாட்டார். “பக்கத்து ஆளு காலு எப்புடி?” என்றுதான் கேட்பார்.

“ஏன் சிஸ்டர், அவங்கவங்க கால அவங்கவங்க பாத்துக்கக் கூடாதா?” என்று நான்தான் கேட்டேன்.

“ஒன்பதாம் மாசத்துல குனிஞ்சு ஒங்க கால நீங்க பாத்துருவீங்களா? வயிறு மறைச்சிரும். அப்புடியே பாத்தாலும், நமக்கு ஒண்ணும் இருக்காதுன்னு மனசு சொல்லிப்புடும். அடுத்த ஆளு கண்ணு அப்புடிச் சொல்லாது. பேசாம கால நீட்டுங்க.”

என் ஜோடியாக அமைந்தவர் என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மணமேல்குடிப் பக்கத்துப் பெண். இங்கே வாக்கப்பட்டு வந்தவர். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார் என்றார். நான் காலை நீட்டத் தயங்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் என் காலைத் தொடுவதும், நான் அவர் காலைத் தொடுவதும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. இரண்டு கையாலும் என் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டார்.

“கால்ல விழுந்து கும்புட்டேன்னு நெனச்சுக்கங்கக்கா. ஆசீர்வாதம் பண்ணிட்டு நூறு ரூவா வச்சுவிடுங்க.”

ஏழு பாயும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, 28 வாரம் 1 நாளில், புதுக்கோட்டைக்குப் போய் மாதிரி வகுப்பைப் பார்த்தேன். குளிர்சாதன அறை. சுவரோரம் பெரிய ரப்பர் பந்துகள். மென்மையான இசை. நடத்திய மேடம் இயன்முறை மருத்துவம் படித்தவர். நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சியை அன்றுதான் கற்றேன். கடைசியில் ஆளுக்கொரு கோப்பு கொடுத்தார். அதில் குழந்தை அசைவைக் குறிக்க அட்டவணை, எடை அட்டவணை, உணவு அட்டவணை, பக்கம் போட்டு, ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டு. அட்டவணையைக் கண்டால் என் மனம் எப்படி உருகும் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இருந்தும் மேலும் இரண்டு செவ்வாய் இலவச வகுப்புக்குப் போனேன். அந்த இரண்டில் ஒரு நாள் நடந்த ஒரு சிறு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எடை பார்க்க வரிசையில் நின்றபோது எங்கள் இருவரின் பரிசோதனைப் புத்தகங்களும் மாறிவிட்டன. என்னுடையது என்று திறந்து பார்த்தால் அவருடையது. எத்தனையாவது கர்ப்பம் என்ற இடத்தில் 2 என்று எழுதியிருந்தது. ஆனால் முதல் நாளே எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்குந் தலைச்சந்தான்” என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குப் பிழையைக் கண்டால் சும்மா இருக்க வராது.

“இதுல தப்பா எழுதியிருக்காங்க. முதல்னு இருக்கணும், ரெண்டுன்னு இருக்கு. சிஸ்டர்கிட்டச் சொல்லி மாத்திருவோமா?”

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

“இருக்கட்டும் விடுங்கக்கா. எழுதுனவங்க எழுதிட்டாங்க.”

அன்று முழுவதும் அவர் நகைச்சுவையாக எதுவும் பேசவில்லை. நான் அதைக் கவனித்தேன். “பக்கத்துப் பாதி இன்று அமைதி” என்று எழுதியும் வைத்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

29 வாரம் 3 நாளோடு இலவச வகுப்பை நிறுத்திவிட்டுக் கட்டண வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் ஆறு வகுப்பு. நிறுத்தியதற்கு அம்மா ஒரு காரணம் கொடுத்தார். வளைகாப்பு நெருங்குகிறது, செவ்வாயும் வெள்ளியும் வெளியே போகக் கூடாது என்றார். எனக்கு அந்தக் காரணம் வசதியாக இருந்தது. உண்மைக் காரணம் அந்தக் கோப்பும், என் காலை யாரும் தொடாத அந்த அறையும்தான். ஜோடியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய கைப்பேசி எண்ணை நான் வாங்கியிருக்கவே இல்லை.

வளைகாப்பு விராலிமலையில் நடந்தது. அம்மா வீட்டில் இருந்தவளை அங்கே கூட்டிப்போய், வளையல் போட்டு, முறைப்படி மறுபடி அம்மா வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று வளையல்காரர் ஒரு சுற்றுப் பெரிதாகவே பார்த்துப் போட்டார். கையைத் தூக்கினால் முழங்கைவரை ஓடிவந்து கலகலக்கும். பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது, உடையவும் கூடாது. பிறகு பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கம் இதை முதல் பிள்ளைக்கு மட்டும்தான் செய்வார்கள்.

இனி நாட்குறிப்பில் உள்ளதை உள்ளபடியே தருகிறேன்.

“32 வாரம் 0 நாள். வளையல் முழங்கைவரை போகிறது. சத்தத்தால் தூக்கம் கெடுகிறது.”

“34 வாரம் 0 நாள். டாக்டரிடம் பரிசோதனை. ரத்த அழுத்தம் சரியாக உள்ளது.”

“34 வாரம் 5 நாள். வளையல் மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தூரம்தான் நகர்கிறது.”

“35 வாரம் 0 நாள். வளையல் சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.”

“35 வாரம் 1 நாள். தலைவலி. வாசிப்பு அதிகம்.”

“35 வாரம் 2 நாள். தலைவலி. செருப்பு இறுக்கம். வெயில் காரணம்.”

அளந்தேன். எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். வளையல் சத்தம் நின்றதை நல்ல செய்தியாக எழுதியவள் நான். எழுதுவதும் படிப்பதும் வேறு வேறு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கட்டண வகுப்பின் ஆறாவது, கடைசி வகுப்பு ஞாயிறு நடந்திருக்க வேண்டும். மேடம் வீட்டில் ஒரு கல்யாணம் என்று செவ்வாய்க்கு மாற்றினார்கள். 35 வாரம் 3 நாள். பிரசவ வலியின் கட்டங்களை அன்றுதான் சொல்லித் தருவதாக இருந்தது. தவறவிட முடியாது என்று செவ்வாயைப் பற்றி அம்மா முணுமுணுத்ததையும் கேட்காமல், கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காலையிலிருந்தே நெற்றியில் யாரோ கை வைத்து அழுத்துவது போல இருந்தது. மனதும் ஒரு நிலையில் இல்லை. வீட்டுக்கும் வாசலுக்குமாக நாலு முறை நடந்தேன். வகுப்பு முடியப்போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தம் சுகாதார நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அன்று வகுப்பு முடிந்து, எதிர்ப்பக்கம் கீரனூர் போகும் வண்டிக்காக நிழலில் உட்கார்ந்திருந்தார் என் பாய் ஜோடி. பார்க்காத மாதிரி நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவரே சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

“என்னக்கா, அங்கிட்டு டவுனுக்கா? அஞ்சாறு செவ்வாயா எனக்கு ஜோடியே இல்ல. சிஸ்டரே குனிஞ்சு எங்கால அமுக்கிப் பாத்தாக. ஒங்களாலதான் அந்தம்மாவுக்கு இடுப்பு வலி.”

அம்மா செவ்வாய் வெளியே விடுவதில்லை என்றேன்.

“இன்னைக்கு என்ன கெழமையாம்?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். “ஆத்தாடி, கை நெறைய வளையல்! போட்டுக்கிட்டுச் சத்தமே இல்லாம வாரீக. எங்கயும் திருடப் போறீகளா?”

நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. என் இடது கையைப் பிடித்து மேலே தூக்கி ஆட்டினார். வளையல்கள் அசையவில்லை. பத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, சதையில் பதிந்து நின்றன.

“செருப்பக் கழத்துங்க. கால இந்தத் திண்டுல வைங்க.”

“ரோட்டுலயா? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். வைங்கன்னா வைங்க.”

தன் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகக் குந்தினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒன்று, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினார். எட்டு எண்ணும்போது புதுக்கோட்டைப் பேருந்து வந்து நின்றது. நடத்துநர், “ஏறுங்கம்மா, ஏறுங்க” என்றார். பத்து எண்ணிவிட்டு அவர் விரலை எடுத்தார். என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

“தலவலி இருக்கா?”

“ரெண்டு நாளா. படிக்கிறதால.”

“கண்ணு மங்குதா?”

யோசித்தேன். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணைச் சுருக்கியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் படியில் கால் வைக்கப் போனேன். கடைசி வகுப்பு. முடித்துவிட்டு வந்து காட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் பிடிப்பது போல, முறுக்கிப் பிடித்தார்.

“இந்த பஸ்ஸு போவட்டும்.”

“விடுங்க, எனக்கு நேரமாச்சு.”

“போவட்டுங்கறேன்ல! ஒங்க கால நாந்தானே பாக்கணும்? எனக்குத்தானே சிஸ்டர் சொல்லியிருக்காக? குழி விழுந்து அப்புடியே நிக்கிது. இதப் பாத்துட்டு நான் பஸ் ஏத்திவிட்டேன்னா நான் என்ன மனுசி?”

நடத்துநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விசில் அடித்தார். பேருந்து போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. ஆறாவது வகுப்பு போச்சே என்ற ஆத்திரம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மனதில் இருந்தது அதுதான்.

என் தோளைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். வயிறு தள்ளிய இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நடந்தோம். சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார். ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். பெண் டாக்டர் வந்து பார்த்தார். நூற்று எழுபது என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், இருக்கிறது என்றார்கள். கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக்கொதிப்பு, வலிப்பு வந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, ஊசி போட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். 108-க்குப் போன் செய்தார்கள்.

ஊசி மருந்து ஏற்ற நரம்பு வேண்டும். வலது கையில் கிடைக்கவில்லை. இடது மணிக்கட்டில் வளையல்கள் மறைத்துக்கொண்டிருந்தன. சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார், அதன் பின்பக்கத்தால் தட்டி உடைத்துவிடலாம் என்று. அந்த நேரம் பார்த்து, செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டாருடைய இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார் என் அம்மா.

“ஐயையோ, ஒடைக்காதீக! பிள்ள பொறக்கறதுக்கு முன்னால ஒடைக்கக் கூடாது சிஸ்டர்!”

“பிள்ள பொறக்கணுமா வேணாமாம்மா?”

“கழட்டவும் கூடாது. நான் என்ன செய்வேன், ஏற்கெனவே செவ்வாக்கெழம, சொல்லச் சொல்லக் கேக்காம வந்தாளே...”

அம்மா அழுதுகொண்டே என் கையை மறைத்து நின்றார். சிஸ்டர் ஒரு கணம் திகைத்தார். அம்மாவை மீறிச் செய்திருப்பார், சந்தேகமில்லை. அதற்குள் என் ஜோடி தன் பையிலிருந்து பாலித்தீன் பையை உருவி என் விரல்களில் மாட்டினார். வளையல் கடையில் இறுக்கமான வளையலைப் போடக் கையாளும் வித்தை. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவினார். என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒரு வளையலை உருவினார். உருவியதை மேசையில் வைக்கவில்லை. தன் வெறுங்கையில் மாட்டிக்கொண்டார்.

“ஆத்தா, இங்க பாருங்க. நான் கழட்டல. கை மாத்துறேன். இதுவும் மாசமா இருக்குற கைதான். இங்கயும் ஒரு பிள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

ஒன்று. இரண்டு. மூன்று. எனக்கு உயிர் போகிற வலி. அப்போதுதான் மேடம் சொல்லிக் கொடுத்த மூச்சு நினைவுக்கு வந்தது. நான்கு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். அந்த மூச்சு இல்லாமல் கையை அசையாமல் வைத்திருக்க முடிந்திருக்காது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வளையலும் அந்தக் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தும் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் உடையவில்லை. அவருடைய மெலிந்த கையில் அவை முழங்கைவரை ஓடின. எத்தனையோ நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஆம்புலன்சில் என்னை ஏற்றியபோது அவர் கதவருகில் நின்று கையைத் தூக்கி ஆட்டினார். வேண்டுமென்றே பலமாக ஆட்டினார். கதவு மூடும்வரை கேட்டது.

மறுநாள், 35 வாரம் 4 நாள், புதன்கிழமை, புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து மகளை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பதினொரு நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். எனக்கு வலிப்பு வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் பேருந்திலும் வகுப்பிலும் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்று மட்டும் சொன்னார். வலது கையில் இருந்த பதினொரு வளையல்களை, வீக்கம் வடிந்ததும் கழற்றி, உடன் இருந்த செவிலியருக்கு முறைப்படி கொடுத்தார் அம்மா.

படுக்கையில் கிடந்தபோது பையிலிருந்த கோப்பை எடுத்துப் புரட்டினேன். பதினான்காம் பக்கம். கை கால் வீக்கம், தொடர் தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் வகுப்புக்கு வர வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே பச்சை மையில் நேராக அடிக்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது. போட்டவள் நான்தான். ஆகவே கட்டண வகுப்பில் சொல்லித் தரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்லித்தான் தந்தார்கள். பின்னாளில் மேடத்திடம் பாய் ஜோடி முறையைப் பற்றிச் சொன்னபோது, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். கணவருக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். நாட்குறிப்பைத் தேடினேன். பத்தே கால் என்று இருந்தது, ஏழு பாய் என்று இருந்தது. அவரைப் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் “பக்கத்துப் பாதி” என்றே இருந்தது.

ஆறாவது வாரம் மகளுக்குத் தடுப்பூசி போடச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். சிஸ்டரிடம் பெயரைக் கேட்டு வாங்கினேன். அது என் நாட்குறிப்பில் இருக்கிறது. இங்கே வேண்டாம். பிரசவத்துக்கு மணமேல்குடிக்குப் போய்விட்டார் என்றும், பையன் பிறந்து இருவரும் நலம் என்றும் சிஸ்டர் சொன்னார்.

“ஒங்க வளையல அங்க பிரசவம் பாத்த சிஸ்டருக்குக் குடுத்திருச்சாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. பத்தும் ஒடையாமப் போயி சேந்துச்சுன்னு.”

என் ஜோடிக்கு ஏன் வளைகாப்பு போடவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். முதல் பிள்ளைக்கு மட்டும் போடும் வழக்கம் நினைவுக்கு வந்தது. புத்தகத்தில் இருந்த அந்த 2 நினைவுக்கு வந்தது. அங்கே கேட்டிருந்தது எத்தனையாவது பிள்ளை என்றல்ல, எத்தனையாவது கர்ப்பம் என்று. தப்பு, மாற்றிவிடுவோமா என்று நான் கேட்டதும் நினைவுக்கு வந்தது. சாலையில் என் கால் முன் குந்தி, எண்ணத் தொடங்கும் முன்பே அவர் முகத்தில் இருந்த பயமும்.

சிஸ்டரின் பதிவேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. இரண்டடி தூரம். சிஸ்டர் ஊசியைத் தயார் செய்யத் திரும்பியிருந்தார். நான்கைந்து பக்கம் புரட்டினால் என் ஜோடியின் வரி கிடைத்துவிடும். எந்தப் பதிவேட்டையும் திறக்காமல் விட்டவளல்ல நான். அன்று மகளை மடியில் போட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இலவசமா கட்டணமா என்று இப்போது யாராவது கேட்டால், எங்கே வேண்டுமானாலும் போங்கள், பக்கத்தில் இருப்பவரின் காலைப் பாருங்கள், உங்கள் காலைப் பார்க்க விடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நாட்குறிப்பில் என் ஜோடியின் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: “இது அவருக்கு முதல் பிள்ளையா, இரண்டாவதா? புத்தகம் ஒன்று சொல்கிறது, அவர் ஒன்று சொன்னார். சரிபார்க்கவில்லை.” என் நாட்குறிப்பில் நான் தெரிந்தே சரிபார்க்காமல் விட்டிருக்கும் தகவல் அது ஒன்றுதான்.